பிந்தி எழுந்த மேடு

தனிஸ்லாஸ் தன்னுடைய ஞானஸ்நானத்துக்கே பிந்திப் போனவன் என்று முத்தியால்பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. கைக்குழந்தை எப்படித் தானாகப் பிந்தும் என்று யாரும் கேட்பதில்லை. அவனுடைய பிற்கால வியாபாரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகமே வராது.

பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த நாளில் புதுச்சேரியில் கடை வைத்தவன் கண்ணை மூடிக்கொண்டு பிழைத்தான். கைக்கடிகாரம், பேனா, வாசனைத் தண்ணீர், சீமைக் குப்பி என்று கப்பல் கப்பலாகச் சரக்கு இறங்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் சுங்கம், இந்தப் பக்கம் சிரிப்பு. தனிஸ்லாஸ் கடையில் மட்டும் சரக்கை இறக்கி வைக்க இடம் கிடையாது. வந்ததெல்லாம் வந்த வேகத்தில் பக்கத்துக் கடைக்காரன் கிடங்குக்கு, அவன் சொன்ன விலைக்குப் போய்விடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து உழவர்கரையில் இரும்புக் கதவு போட்ட பெரிய கிடங்கு ஒன்றை எழுப்பினான். கதவுக்கு அவன் பச்சை வர்ணம் அடித்து முடிக்கவும், ஐம்பத்து நாலாம் வருஷம் நவம்பர் மாதம் கொடி இறங்கவும் சரியாக இருந்தது. சுங்கச் சாவடி போயிற்று, கூடவே சரக்கும் போயிற்று. கிடங்குக்கு முதலில் குடிவந்தது பல்லி. பிறகு பல்லியைத் தேடிக்கொண்டு ஒரு பூனை.

அதிலிருந்து அவனுக்கு உட்காரும் பழக்கம் விட்டுப்போயிற்று. சோற்றுக்கு முன்னால் அமர்ந்தாலும் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். தெருவில் யாராவது வேகமாக நடந்தால், எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

அறுபத்தொன்றாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு அவன் காதில் ஒரு சங்கதி விழுந்தது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ரொட்டிக்கடை நடத்தும் சூசைமேரி கடையை விற்கிறாள். அவள் விதவை. பாரீசில் இருக்கும் மகன் வந்துவிடு, வந்துவிடு என்று நச்சரிக்கிறான். பம்பாயில் கப்பல் ஏற வேண்டும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் ரயில். ஒப்பந்தம் எழுதி இத்தனை வருஷமாகியும் ஊர் முழுசாக இந்தியாவுடையதா, இன்னும் கொஞ்சம் பிரான்சுடையதா என்று வக்கீல்களே விரலைக் கடித்துக்கொண்டிருந்த காலம் அது. ராஜ்ஜியம் யாருடையதானாலும் விடிந்தால் ஜனங்களுக்கு ரொட்டி வேண்டும். இதைவிட நல்ல வியாபாரம் ஊரில் இல்லை.

தனிஸ்லாஸ் ஓடினான். சூசைமேரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாம்பல் புதனுக்கு முன்னாடி யாரு காசோட வர்றாங்களோ அவங்களுக்குக் கடை. உனக்காகக் காத்திருப்பேன்னு நெனைக்காத, தனிஸ்லாஸ். உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"யாரு, நானா மதாம்? இந்தத் தடவை பாருங்க."

"பாக்கத்தானே போறேன். கோவிந்தசாமியும் கேட்டிருக்கான்."

கோவிந்தசாமி ஓட்டல்காரர். பொறுமையில் கொக்குக்கு அண்ணன். தினம் சாயங்காலம் வந்து ரொட்டி அடுப்பைத் தட்டிப் பார்த்து, பாதி விலை சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே போவாராம்.

தனிஸ்லாசிடம் விற்கத்தக்கது ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: கனகசெட்டிக்குளம் போகும் வழியில் அப்பன் விட்டுப்போன முந்திரித் தோப்பு. அதை விற்றால் ரொட்டிக்கடை அவனுக்கு. விற்காவிட்டால் கோவிந்தசாமிக்கு. கணக்கு அவ்வளவு சுருக்கம்.

அதற்கு ஆளும் கிடைத்தார். மண்ணாங்கட்டிப் படையாச்சி கனகசெட்டிக்குளத்துக்கு மேற்கே ஏர் கட்டி உழுகிறவர். இடையில் மாட்டுத் தரகும் பார்ப்பார். முந்திரிமேல் அவருக்கு ஆசை கிடையாது. தோப்பின் நடுவே பழைய காலத்து ஆழ்துளைக் குழாய் ஒன்று இருந்தது. ஏற்றமும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். தண்ணீர் தானாகப் பொங்கி வழியும். அவருடைய கண் அதன்மேல்.

நிலமானாலும் மாடானாலும் மண்ணாங்கட்டிக்குப் பேரம் துண்டுக்கு அடியில்தான். துண்டை விரித்து, அதன் மறைவில் இருவர் கையும் சந்திக்க வேண்டும். முழு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, விரலின் கணுவைத் தொட்டால் ஒரு தொகை. வாய் மழையைப் பற்றிப் பேசும், விரல் விலையைப் பற்றிப் பேசும். வேடிக்கை பார்க்கிறவனுக்கு மழை மட்டும்தான் கேட்கும். இருவரும் ஒருவர் கையை ஒருவர் முழுதாக இறுக்கிப் பிடித்துவிட்டால் முடிந்தது. அப்புறம் ராஜா வந்தாலும் மாற்ற முடியாது.

"ஐப்பசியில நல்லாத்தான் பேஞ்சுது, மொதலாளி," என்றார் மண்ணாங்கட்டி. தோப்பில் குழாய்த் தொட்டியோரம் நின்று, துண்டுக்கடியில் அவர் தனிஸ்லாசின் நாலு விரலைப் பிடித்தார்.

"கார்த்திகையில ஏமாத்திடுச்சே, படையாச்சி," என்று தனிஸ்லாஸ் ஐந்தாவது விரலையும் நீட்டினான்.

"மாசி மழை யாரு கண்டா," என்று அவர் ஐந்தாவதில் இரண்டு கணுவரைக்கும் வந்தார்.

கேட்ட விலைக்கு ஒரு கணுதான் குறை. முகத்தில் கண் உள்ள எவனும் அந்த இடத்தில் கையை இறுக்கியிருப்பான். ஆனால் பத்துப் பதினைந்து நாளாக அந்தப் பக்கத்து மணலில் சர்க்கார் ஆட்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். தரையில் துளை போட்டு, வேட்டு வைத்து, கம்பியை நீட்டி அந்த அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமிக்கடியில் எண்ணெயும் வாயுவும் தேடுகிறார்களாம். ஜனங்கள் அதற்கு வேட்டு ஆபீஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் தனிஸ்லாசின் மனத்தில் தோப்பின் விலை ஒரு படி ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு விரல், முழு விரல், கேட்டால் என்ன?

துண்டிலிருந்து கையை உருவினான்.

"நீங்க தண்ணிக்கு மட்டும் விலை சொல்றீங்க, படையாச்சி. தண்ணிக்குள்ள இருக்கிறதுக்கு யாரு விலை சொல்றது?"

குழாய்த் தண்ணீர் தேங்கும் தொட்டியில் சதா குமிழி வரும். அடியில் ஓட்டை விழுந்த சட்டி ஒன்றை அதன்மேல் கவிழ்த்தான். கொஞ்சம் பொறுத்து, ஓட்டைக்கு நேரே தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினான். கட்டைவிரல் உயரத்துக்கு நீலமாக ஒரு சுடர் எழுந்து நின்றது.

சின்ன வயதில் அவன் கூட்டாளிகளுக்குக் காட்டிக் கைதட்டல் வாங்கிய வித்தை. மண்ணாங்கட்டி கைதட்டவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது எவ்ளோ நாளா எரியுது?"

"எனக்கு வெவரம் தெரிஞ்சதுலேருந்து. அடியில வாயு கெடக்கு, படையாச்சி! இல்லாட்டி சர்க்கார் எதுக்கு இங்க வந்து கூடாரம் போடுது?"

"அதான் பயமே. எங்க அக்காவ நெய்வேலிப் பக்கம் குடுத்திருந்தோம். அங்க கரி கெடைக்குதுன்னு ஊரே சந்தோசப்பட்டுச்சு. அப்புறம் கரி இருந்துச்சு, ஊரு வேற எடத்துக்குப் போயிடுச்சு. காசு குடுத்தாங்க, மனை குடுத்தாங்க, பொய் சொல்லக் கூடாது. ஆனா நான் காசுக்காக நெலம் வாங்கல, மொதலாளி. உழுவறதுக்கு வாங்குறேன்."

"அட, வாயுவுக்கு ஒரு கொழாய்தானே எறக்குவாங்க! ஓரமா ஒரு எடம்..."

"சர்க்காரு ஒரு கொழாயோட நிறுத்துமா? நல்லா இருங்க. தோப்ப நீங்களே வச்சிக்கிங்க."

அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு தனிஸ்லாஸ் நின்றான். சுடர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. காலால் சட்டியை எத்தி விட்டான்.

வீட்டில் ஞானமேரி முழங்கை வரை மாவோடு வந்து கதவைத் திறந்தாள். சூசைமேரியிடம் போய் ரொட்டிக்கு மாவு பிசையக் கற்றுக்கொண்டிருந்தாள். கடை கைக்கு வருமுன்பே கை கடைக்குத் தயாராகிவிட்டது.

"வித்துட்டீங்களா?"

"கொளுத்திக் காட்டினேன்."

முழுக் கதையையும் கேட்டபிறகு அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு உறுத்திற்று.

"விலையை ஏத்துறதுக்குத் தீ வச்ச ஒரே வியாபாரி உலகத்துலயே நீங்கதாங்க. சரி, போனது போச்சு. அந்த வேட்டு ஆபீசரையே போய்க் கேளுங்க. அடியில ஒண்ணுமில்லன்னு அவரு சொல்லிட்டா படையாச்சி திரும்பி வருவாரு."

"இருக்குன்னு சொல்லிட்டா?"

"உங்க நெலத்துலயா? உங்க ராசிக்கா?" என்றாள் ஞானமேரி. "தைரியமாப் போங்க."

தன் மண்ணுக்கு அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது தேவமாதாவே என்று வேண்டிக்கொண்டு ஒரு நிலக்காரன் போனது அந்த வட்டாரத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். மறுநாள் கிளம்பியபோது ஒரு கையில் நல்ல பிரெஞ்சு திராட்சைச் சாராயக் குப்பி. எல்லைக்கு அப்பால் மதுவிலக்கு. அங்கிருந்து வரும் உத்தியோகஸ்தன் புதுச்சேரியில் வேறெதற்கு மசிவான் என்பது அவன் அனுபவம். இன்னொரு கையில் ஞானமேரி பிசைந்து, சூசைமேரி அடுப்பில் சுட்ட இரண்டு ரொட்டி. அவள் கட்டாயப்படுத்திக் கொடுத்தது.

கூடாரத்துக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் வேட்டு ஆபீசர் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். திருச்சிப் பக்கத்து மனிதர். பூமியின் வயிற்றைப் படிக்கிற படிப்புப் படித்தவர். வெயிலில் மூக்குத்தோல் உரிந்திருந்தது. குப்பியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"வேண்டாங்க. முகாம் சாப்பாட்டுல ஏற்கெனவே வயிறு ஒரு வழியாயிருக்கு. அது என்ன, ரொட்டியா?"

பாதி ரொட்டி உள்ளே போனபிறகு மனிதர் இளகினார். தனிஸ்லாஸ் குமிழியைச் சொன்னான், சட்டியைச் சொன்னான், சுடரைச் சொன்னான்.

"அது மேலாப்புல அழுகின மரம் மட்டையிலேருந்து வர்றது. குளத்துச் சேத்தை மிதிச்சா குமிழி வரும் பாருங்க, அந்த வம்சம். ஒரு வீட்டு அடுப்புக்குக் கூடக் காணாது. நாங்க தேடுறது ரொம்ப ரொம்பக் கீழே."

"அந்தக் கீழே என் தோப்புக்கு அடியில ஏதாவது..."

"அங்க பாறையில மேடு ஒண்ணு இருக்கு. உங்க தோப்பும் அதுமேலதான். அழகான மேடு."

தனிஸ்லாசின் நெஞ்சு ஒரு பக்கம் குதித்தது, ஒரு பக்கம் விழுந்தது. "அப்ப வாயு இருக்குதுங்களா?"

"கேளுங்க. வாயு கிணத்துத் தண்ணி மாதிரி அங்கேயே ஊறிக் கிடக்கிறது இல்ல. இன்னும் ஆழத்துல, பழைய கடல் சேறு இறுகின களிமண்ணு இருக்கும். அதுல செத்த ஜீவராசியெல்லாம் புதைஞ்சிருக்கும். மேல மண்ணு சேரச் சேர அது கீழே போகும், சூடு ஏறும், வேகும். வெந்தா வாயு வரும். வந்த வாயு மணல்பாறை வழியா மேல மேல ஏறிக்கிட்டே இருக்கும். வழியில கவுத்து வச்ச சட்டி மாதிரி ஒரு மேடும், அதுமேல ஒழுகாத மூடியும் இருந்தா அங்க தங்கும். நீங்க சட்டியில பிடிச்சீங்களே, அதே மாதிரிதான்."

"மேடுதான் இருக்குதுன்னீங்களே!"

"இருக்கு. எப்ப வந்ததுங்கிறதுதான் கேள்வி."

அவர் எழுந்து கட்டிலில் கிடந்த கம்பளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். அடியில் கையை விட்டு நடுவில் தூக்கினார். கம்பளிகள் எல்லாம் சேர்ந்து கூனின.

"உச்சியைத் தொட்டுப் பாருங்க. இந்த ஓரத்தையும் தொட்டுப் பாருங்க. ரெண்டு எடத்துலயும் கம்பளி ஒரே தடிப்புதானே? விரிச்சு முடிச்ச பிறகு நான் தூக்கினேன். அதனால அப்படி. நான் முதல்லயே கையை வச்சிருந்து, அதுக்கு மேல மண்ணைக் கொட்டியிருந்தா என்ன ஆகும்? உச்சியில நிக்காம வழிஞ்சு ஓரத்துல சேரும். உச்சி மெலிசா இருக்கும், ஓரம் தடிப்பா இருக்கும். எங்க வேட்டுல இங்க தெரியறது கம்பளி மாதிரிதான். எல்லா அடுக்கும் ஒரே தடிப்பு. அப்படின்னா, எல்லாம் படிஞ்சு முடிஞ்சு வெகுகாலம் கழிச்சுத்தான் இந்த மேடு எழுந்திருக்கு. களிமண்ணு வெந்தது அதுக்கு ரொம்ப முன்னாடி."

"அப்ப வெந்த வாயு எங்க போச்சு?"

"தங்க எடமில்லாமப் போயிடுச்சு. மணல்பாறை வழியாவே மேக்கே ஏறி, பாறை வெளியில தலைகாட்டுற எடமாப் பாத்துக் காத்தோட காத்தாக் கலந்திருக்கும். மேடு எழுந்து பார்த்தப்ப வழியில ஒருத்தரும் இல்ல."

தனிஸ்லாஸ் கம்பளியின் கூனலையே பார்த்தான். உழவர்கரையின் பச்சைக் கதவு அவன் கண்முன் வந்து நின்றது.

"எவ்ளோ பிந்திடுச்சுங்க அது?"

"சுமாரா ஒரு ரெண்டு கோடி வருஷம்."

"அடேயப்பா," என்றான் தனிஸ்லாஸ். அறியாமல் ஒரு சிரிப்பு வந்தது. "என்னை விட மோசமான ஒருத்தன் இருக்கான், அதுவும் என் நெலத்துக்கு அடியிலயே."

இதை ஒரு காகிதத்தில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டபோது தெய்வசிகாமணி இரண்டாவது ரொட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"எழுதிக் குடுத்தா என் வேலை போயிடும். வாயால சொன்னதே தப்பு. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. இது என் கணிப்பு. கொழாய் இறக்கிப் பாக்காம எவனும் சத்தியம் பண்ண முடியாது. வேற எங்கயோ பழைய மேட்டுல தங்கின வாயு, அந்த மேடு உடைஞ்சு பிற்பாடு இங்க வந்து ஏறியிருக்கவும் கூடும். ஆனா இந்த மேட்டுல கொழாய் இறக்குங்கன்னு நான் சிபாரிசு எழுத மாட்டேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடிஞ்சது."

திரும்பும் வழியெல்லாம் அந்தக் 'கூடும்' செருப்பில் புகுந்த மணல்போல அறுத்தது. கூடும் என்றால் இருக்கலாம் என்றுதானே அர்த்தம்? இருந்தால், விற்றவன் முட்டாள். இல்லாவிட்டால், வைத்திருந்தவன் முட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டாள் பட்டத்துக்கு ஆள் அவன்தான். பாதி வழியில் வீட்டுப் பக்கம் திரும்பினான், பிறகு நின்றான், பிறகு ஓட்டமும் நடையுமாக மண்ணாங்கட்டியின் மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தான்.

அவர் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"படையாச்சி, என் தோப்புல ஒண்ணுமே இல்ல!" என்றான் தனிஸ்லாஸ் மூச்சு வாங்க. "சுத்த மண்ணு. நேத்து எரிஞ்சுதே, அது அழுகின மரத்து நாத்தம். சேத்துக் குமிழி. அதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது."

தாத்தன் காலத்திலிருந்து கடைக்காரக் குடும்பம். சொந்தச் சரக்கை இப்படி மட்டம் தட்டிய முதல் வாய் அது. மண்ணாங்கட்டி காளையின் முதுகில் வைக்கோல் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நேத்து அடியில பொதையல்னீங்க. இன்னிக்கு நாத்தங்கிறீங்க. விக்கிறவன் சரக்கைப் புகழ்ந்தா காதை மூடிக்கணும்னு எங்க அப்பாரு சொல்லுவாரு. இகழ்ந்தா என்னா செய்யணும்னு சொல்லாமப் போயிட்டாரு."

தனிஸ்லாஸ் கம்பளிக் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். களிமண் வெந்தது, வாயு ஏறியது, மேடு இல்லாதது, பிறகு வந்தது. பாதி சொல்லும்போதே அவர் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

"மழையெல்லாம் பேஞ்சு, தண்ணியெல்லாம் கடலுக்குப் போனப்புறம் ஏரிக்குக் கரை போட்டவன் கதைன்னு சொல்லுங்க."

"அதேதான், அதேதான்!"

"ஆனா மழை மறுபடியும் பேயுமே, மொதலாளி?"

தனிஸ்லாஸ் 'பேயாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எத்தனையோ கடிகாரத்தை 'நிக்காது' என்று சொல்லி விற்ற வாய்க்கு அது பெரிய காரியமில்லை. காளை திரும்பி அவனைப் பார்த்தது.

"அவரு சத்தியம் பண்ணல," என்றான். "கொழாய் எறக்கினாத்தான் தெரியுமாம். எங்கேருந்தாவது வந்து ஏறியிருக்கவும் கூடுமாம். ஆனா இங்க கொழாய் எறக்கணும்னு எழுத மாட்டாராம். அவரு சொன்னது இவ்ளோதான், படையாச்சி. இதுக்கு மேல சொன்னா அது என் சொந்தச் சரக்கு."

மண்ணாங்கட்டி வைக்கோலைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

"இப்பதான் நீங்க பேசுறதுல மனுசன் வாசன வருது. வாங்க."

துண்டு விரிந்தது. கைகள் உள்ளே போயின. மண்ணாங்கட்டி மாட்டுத் தீவனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவருடைய விரல்கள் தனிஸ்லாசின் மூன்று விரலைப் பிடித்து, நாலாவதில் ஒரு கணுவோடு நின்றுவிட்டன.

"படையாச்சி! நேத்து..."

"நேத்து நீங்க நின்னு பேசினீங்க. இன்னிக்கு ஓடியாந்தீங்க. புண்ணாக்கு விலைய கேட்டீங்களா, ஒரேடியா எறங்கிப் போச்சு."

தனிஸ்லாசின் விரல் கெஞ்சிற்று; ஒரு கணு ஏறியது. மறுபடி கெஞ்சிற்று, ஏறவில்லை. ரொட்டிக்கடைக்கு இது காணாது. கையை உருவினால்? இன்னும் நாள் இருக்கிறது. வேறொருவன் வரலாம். விலை ஏறலாம். அப்போது வடக்கே 'தொம்' என்று ஒரு வேட்டு விழுந்தது. காலடியில் மண் ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. காளை காதை விடைத்தது. இன்னும் தேடுகிறார்களே! ஒன்றும் இல்லாவிட்டால் எதற்குத் தேடுகிறார்கள்? கூடும் என்றாரே!

கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், அத்தனை அழகாக, அத்தனை வெறுமையாக, யாரும் வராத வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த மேட்டை ஒரு கணம் நினைத்தான். மண்ணாங்கட்டியின் கையை முழுதாகச் சேர்த்து இறுக்கிப் பிடித்தான்.

"புண்ணாக்கு இந்த விலைக்கே போவட்டும்," என்றான்.

பத்திரம் பதியும் நோத்தேர் முன்னால் கையெழுத்தாகிக் காசு கைக்கு வந்த அன்றே, தலையில் தொப்பியைக் கூடச் சரியாக வைக்காமல் தனிஸ்லாஸ் ரொட்டிக்கடைக்குப் போனான். சூசைமேரி பெட்டிகளுக்கு நடுவே கம்பளிச் சட்டை ஒன்றை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவன் பொட்டலத்தை நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"இது கொறையுதே."

"கொறையுது மதாம். இவ்வளவுதான் என்கிட்ட."

"மிச்சம்?"

"இல்ல. கடன் சொல்ல மாட்டேன். நீங்க பாரீசுல இருந்துக்கிட்டு என்கிட்ட எப்படி வசூல் பண்ணுவீங்க?"

"அப்ப கோவிந்தசாமிய ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"கேளுங்க. ஆனா அவரு எப்ப விலை சொல்லுவாருன்னு நெனைக்கிறீங்க?" தனிஸ்லாஸ் நாற்காலியில் அமரப் போனவன் மறுபடி எழுந்தான். "ரயில் ஏறுற அன்னிக்குக் காலையில சொல்லுவாரு. அன்னிக்குப் பெட்டி கட்டியிருக்கும். வண்டி வாசல்ல நிக்கும். அடுப்பைக் கழட்டிக் கப்பல்ல ஏத்த முடியாதுன்னு அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அன்னிக்கு அவரு சொல்றதுதான் விலை. அதுக்குத்தானே தெனம் வந்து அடுப்பைத் தட்டிட்டுப் போறாரு?"

சூசைமேரிக்கும் இது தெரியாமலில்லை. தெரிந்ததை இன்னொருத்தன் வாயால் கேட்பதுதான் கசக்கும். மடித்த கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்து அமுக்கினாள்.

"ஞானமேரி மாவை நல்லாப் பிசையிறா," என்றாள் கடைசியில். "அவளுக்குத்தான் குடுக்குறேன், உனக்கில்ல. அதுசரி, நீ எப்படி முன்னாடியே வந்த? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மதாம்."

"சிலுவை போட்டுக்க, எதுக்கும்."

அவன் சிலுவை போட்டுக்கொண்டு சாவியை வாங்கினான்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் காலையில் கோவிந்தசாமி வந்தார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, இடுப்பில் பை, முகத்தில் அனுதாபம். பெட்டிகளைக் காணோம், சூசைமேரியையும் காணோம். கடை கைமாறியதை அவரிடம் மூச்சு விடாமலே அவள் விடியற்காலையில் புறப்பட்டுப் போயிருந்தாள். அடுப்புக்கு முன்னால் தனிஸ்லாஸ் நின்றுகொண்டிருந்தான்.

"நீ என்னாய்யா இங்க?"

"ரொட்டி வேணுமா அண்ணே? இன்னும் கொஞ்சம் நேரம் ஆவும்."

கோவிந்தசாமி கடையைச் சுற்றிப் பார்த்தார். பழக்க தோஷத்தில் அடுப்பை ஒரு தட்டுத் தட்டினார்.

"நீ முந்திக்குவேன்னு எவன்யா எதிர்பார்த்தான்? இதை வெளியில சொன்னா என் மானம் போயிடும். ஒரு ரொட்டியக் குடு, போறேன்."

அவர் போன சூட்டோடு வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. பின்னால் கம்பிச் சுருளும் கூடாரமும் ஏற்றிய இரண்டு லாரி. ஜீப்பிலிருந்து தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தார். உரிந்த மூக்குக்கு எண்ணெய் தடவியிருந்தார்.

"உங்க வீட்டு ரொட்டியால வயிறு சரியாயிடுச்சு. வழிக்கு ஒரு நாலு குடுங்க. வடக்க வேலை முடிஞ்சது, தெக்க போறோம்."

"கொழாய் எறக்கலையா, சார்?"

"இங்கயா? இல்ல."

தனிஸ்லாசுக்குள் இத்தனை நாளாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று நின்றது. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றும்போது, முழங்கால்கூட ஆடவில்லை என்பதைக் கவனித்தான்.

"தெக்க என்னா சார் இருக்குது?"

"கடலோரமா ஒரு மேடு தட்டுப்பட்டிருக்கு. உச்சியில படிவு மெலிசு, ஓரத்துல தடிப்பு." அவர் ரொட்டியை முகர்ந்து பார்த்தார். "வாயு கிளம்புறதுக்கு முன்னாடியே எழுந்து உக்காந்திருக்கு போல."

"நல்ல நேரத்துல பொறந்திருக்கு," என்றான் தனிஸ்லாஸ்.

ஜீப்பு உறுமிக்கொண்டு கிளம்பியது. இரண்டு எட்டு அது உருளுவதற்குள் அவன் படியிறங்கி, மாவுக் கையோடு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

"சார், சார்! ஒரே ஒரு வார்த்தை. அங்க நெலம் யாருது?"

தெய்வசிகாமணி சிரித்துக் கையை அசைத்ததுதான் தெரிந்தது. லாரிப் புழுதி மார்க்கெட்டு மூலையைத் திரும்பியது. தனிஸ்லாஸ் நடுத்தெருவில் நின்று தெற்கே பார்த்தான். ஒரு குதிகால் தரையில் படபடத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க!" என்று உள்ளேயிருந்து ஞானமேரி குரல் கொடுத்தாள். "அங்க என்னாத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மாவு எழும்பி வழியுது, வந்து பிடிங்க!"

அவன் இன்னும் ஒரே ஒரு தடவை தெற்கே பார்த்துவிட்டு உள்ளே ஓடினான்.